இரண்டாவது விளக்கு

மூன்று வாரம் நன்றாகத்தான் பேசினேன்.
கரும்பலகையில் அம்புக்குறிகள் அழகாக இருந்தன.
மொன்டேவிடியோவில் ஒரு பேருந்துப் பணிமனை,
இரவு எட்டு மணி வகுப்பு.
மின்சாரப் பேருந்துகள் வரப்போகின்றன.
பதினோரு தலைகள், பெரும்பாலும் நரைத்தவை,
எல்லாம் ஆடின, ஆமாம் ஆமாம் என்று.
எனக்கு இருபத்தேழு வயது.
தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நம்பும் வயது.

நான்காம் வாரம் ஒரு தாள் கொடுத்தேன்.
ஒரு பேட்டரி. ஒரே கம்பியில் அடுத்தடுத்து இரண்டு விளக்கு.
எது அதிகம் எரியும்?
முதல் விளக்கு, என்று பத்துப் பேர்.
இரண்டாவதற்கு மிச்சம்தானே போகும்.
பதினோராவது தாள் ஒசிரிஸ் பெரெய்ராவுடையது.
வெறுமையாக இருந்தது. மூலையில் சின்னதாக:
கண்ணாடி கொண்டுவரவில்லை.

அன்று நடந்தே வீட்டுக்குப் போனேன்.
ஜூலைக் குளிர். ஆற்றுக் காற்று
கழுத்துத் துணிக்குள் கை விட்டது.
இவர்கள் மக்குகள் என்று ஒரு தெரு முழுக்க நினைத்தேன்.
அடுத்த தெருவில், நான்தான் மக்கு என்று.
மூன்றாம் தெருவில்தான் உறைத்தது:
முப்பது வருடம் டீசலோடு வாழ்ந்தவர்கள்.
தொட்டியில் இருப்பது ஓட ஓடக் குறையும்.
எரிந்தது திரும்பி வராது.
அந்தப் பத்துப் பேரும் எழுதியது அவர்கள் அனுபவத்தை.
அது வேறு வீட்டு வாசலில் வந்து
கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

மறுவாரம் அம்புகளை அழித்தேன்.
மேசைக்கு மேசை விளக்கு, கம்பி, மீட்டர்.
அளப்பதற்கு முன்னால் எழுதுங்கள், என்றேன்.
பேனாவால். பென்சில் கூடாது.
எபெர் எழுதினார்: முந்நூறு, இருநூறு, நூறு.
நிபியா எட்டிப் பார்த்து அதையே எழுதினார்.

மீட்டர் முந்நூற்றுப் பத்து என்றது.
விளக்குகளுக்கு நடுவே முந்நூற்றுப் பத்து.
கடைசியிலும்.

எபெர் மீட்டரைத் தட்டினார்.
பேட்டரியை மாற்றினார்.
பக்கத்து மேசை மீட்டரைக் கடன் வாங்கினார்.
எனக்கு நாக்கு நமநமத்தது.
ஒரே வாக்கியம். சொல்லிவிட்டால் தீர்ந்தது.
கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு
சாவியின் பற்களை எண்ணினேன்.
எண்ணி முடித்து, திரும்ப எண்ணினேன்.

"அப்ப எதுதான் செலவாகுது?"
நிபியா கேட்டது என்னையல்ல, எபெரை.

ஒசிரிஸ் வழக்கம்போல் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தார்.
ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல்.
எபெர் உறிஞ்சினார், அடியில் சத்தம் வரும்வரை.
வெறும் குடுவையைத் திருப்பிக் கொடுத்தவர்
கையை இழுக்காமல் அப்படியே நின்றார்.
"குடுவை குறையலையே.
தண்ணிதானே போச்சு.
குடுவை சுத்திச் சுத்தி வருது."

ஒசிரிஸ்தான் பேட்டரி, என்றார் யாரோ. சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை. என் அம்புகள்
மூன்று வாரம் சொல்லத் தெரியாமல் திணறியதை
ஒரு வாய் கசப்பில் சொல்லிவிட்டார் மனிதர்.

இங்கே நிறுத்தியிருந்தால் எனக்குப் போதும்.
நிபியாவுக்குப் போதவில்லை.
"தப்பு. நீ குடிச்சதும் குடுவை ஒசிரிஸ்கிட்ட போகுது.
நிரம்பித்தான் எனக்கு வருது.
இந்தக் கம்பியில அப்படி இல்ல,
உன்கிட்டேருந்து நேரா என்கிட்ட."
கொஞ்சம் பொறுத்து,
"குடுவை மாதிரியே கட்டினா?"

அது ஒன்பதாம் வாரப் பாடம்.
கோப்பில் படங்களோடு தயாராக வைத்திருக்கிறேன்.
கோப்பு மூடியே கிடந்தது.
பல்லால் கம்பியின் தோலை உரித்தார் நிபியா.
அது விதிப்படி தவறு, அதை மட்டும் சொன்னேன்.
ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகப் போக ஒரு வழி,
வர ஒரு வழி.

"இருங்க" என்றார் ஒசிரிஸ்.
வெந்நீர்க் குடுவையைக் கீழே வைத்து
எபெரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு,
ஒரு தாளை இழுத்தார்.
"எரியறதுக்கு முன்னாடி எழுதணுமே."

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.
பேனாவால் எழுதியிருந்தார்,
அழுத்தமாக, பெரிய எண்களில்,
தப்பாக.
சாவியை எண்ணத் தொடங்கினேன்.